ரெசின் பிரிண்டரில் மோல்டு செய்து 60 பாலிபுரோப்பிலீன் பாகங்கள் எடுக்க முடியுமா?

கேள்வி இது: காற்று போகும் ஒரு சிறிய எல்போ, அதாவது வளைகுழாய். உள்விட்டம் 12 மி.மீ., சுவர் 2 மி.மீ., 90 டிகிரி வளைவு, வளைவுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் நேர்நீளம். வெளியே பக்கவாட்டில் ஒரு கிளிப், ஒரு முனையில் சிலிக்கான் சீல். சோதனைக்கு 60 உருப்படி வேண்டும், அதுவும் பின்னால் விற்கப்போகும் அதே பாலிபுரோப்பிலீனில். எஃகு மோல்டுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. கையில் இரண்டு 3டி பிரிண்டர் இருக்கின்றன: திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரிண்டர், பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் ஃபிலமென்ட் பிரிண்டர். தெரிந்தவர் பட்டறையில், உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தும் சிறிய இன்ஜெக்ஷன் மெஷின் இருக்கிறது. மோல்டைப் பிரிண்ட் செய்துகொள்ளலாமா? உலோகத்தில் பிரிண்ட் செய்த மோல்டு இதற்கு உதவுமா?

செய்யலாம். ஆனால் எஃகு மோல்டின் வேலையை அப்படியே மலிவாக வாங்கிவிடலாம் என்று இறங்கினால் பாதி வழியில் கசந்துவிடும். எஃகு மோல்டு லட்சக்கணக்கில் திறந்து மூடுவதற்காகச் செய்வது. அதனால் பாகத்தின் வடிவம் எப்போதும் மோல்டு திறக்கும் திசைக்கு அடங்கி நடக்க வேண்டும். பிரிண்ட் செய்த மோல்டை ஒரே ஒரு பாகத்துக்காகச் செய்து, உடைத்தோ கரைத்தோ எறிந்துவிடலாம். சுவாமிமலையில் ஒவ்வொரு ஐம்பொன் சிலைக்கும் மண் மோல்டை உடைப்பது போல. எந்த இடத்தில் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொள்வது, எந்த இடத்தில் வழக்கமான மோல்டு போலவே நடத்துவது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உங்கள் எல்போவில் வெளிப்பக்கம் வழக்கமான மோல்டு, உள்வளைவு கரைகிற கோர் (பாகத்துக்குள் வெற்றிடம் உண்டாக்க வைக்கும் துண்டு), சீல் தனி வார்ப்பு. மூன்றுக்கும் மூன்று வழி.

அதற்கு முன்னால் ஒன்று. அறுபதும் உண்மையிலேயே பாலிபுரோப்பிலீனில் வேண்டுமா? பொருந்துகிறதா, காற்று கசிகிறதா என்று மட்டும் பார்ப்பதானால் நைலான் 12 பவுடரில் லேசர் பிரிண்ட் செய்து வாங்கிவிடுங்கள், மோல்டே வேண்டாம். கிளிப்பை ஆயிரம் முறை மாட்டிக் கழற்றிப் பார்க்க வேண்டும், ரசாயனத்தில் ஊறவைக்க வேண்டும், மடங்குகிற மெல்லிய கீல் இருக்கிறது என்றால் விஷயம் வேறு. பாலிபுரோப்பிலீன் கீல் உடையாமல் மடங்குவதற்குக் காரணம், உருகிய பிளாஸ்டிக் அந்த மெல்லிய இடுக்கு வழியாக ஓடும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் படிவதுதான். அடுக்கடுக்காகப் பிரிண்ட் செய்த பாகத்தில் அந்த ஓட்டமே நடப்பதில்லை.

சரி, மோல்டு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் கேட்பது, 230 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் மோல்டுக்குள் செலுத்தினால் மோல்டு உருகாதா என்று. இதை ஊகத்தில் விடாமல் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் கணத்தில் தொடுபரப்பு எந்த வெப்பநிலையில் நிற்கும் என்பது ஒவ்வொன்றின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பொறுத்தது. மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு எண் கிடைக்கும். யாருடைய எண் பெரியதோ, பரப்பு அவர் வெப்பநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மோல்டு எஃகுக்கு இது ஏறத்தாழ 10,000. பாலிபுரோப்பிலீனுக்கு 600 அளவில். பிரிண்ட் செய்த ரெசினுக்கும் கிட்டத்தட்ட அதே 600.

மோல்டு 30 டிகிரியில் இருக்கிறது, 230 டிகிரி பாலிபுரோப்பிலீன் வந்து மோதுகிறது என்று கொள்ளுங்கள். எஃகுப் பரப்பு 41 டிகிரிக்குத்தான் ஏறும். ரெசின் பரப்பு இரண்டுக்கும் நடுவில், 130 டிகிரியில் போய் நிற்கும். ஆக மோல்டு 230 டிகிரியைத் தாங்க வேண்டியதில்லை, ஆனால் 130-ஐத் தாங்கியே ஆக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண ரெசின் 60 டிகிரி சுற்றுவட்டத்திலேயே வளைய ஆரம்பித்துவிடும். அதில் மோல்டு செய்தால் முதல் ஷாட்டிலேயே (ஒரு முறை செலுத்துவது ஒரு ஷாட்) கேட் பக்கம், அதாவது உருகல் உள்ளே நுழையும் வாய்ப் பக்கம், இழுபட்டுப்போகும். இந்த வேலைக்கென்றே உள்ள ரெசின்கள் வேறு: ஃபார்ம்லேப்ஸ் நிறுவனத்தின் ஹை டெம்ப் ரெசின் 238 டிகிரி, கண்ணாடி கலந்த ரிஜிட் 10கே 218 டிகிரியில் வளைய ஆரம்பிக்கும் என்று தகவல் தாளில் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த எண் 0.45 மெகாபாஸ்கல் என்ற லேசான சுமைக்கு. அதே தாளில் 1.8 மெகாபாஸ்கலுக்கும் ஒரு எண் இருக்கும், அது வெகுவாக இறங்கியிருக்கும். வாங்குவதற்கு முன் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். இன்ஜெக்ஷன் அழுத்தம் லேசான சுமை இல்லை.

இதே கணக்குக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1980களிலும் 90களிலும் கார் எஞ்சினின் நைலான் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அந்த வளைந்த குழாய்க்கூட்டத்தை, உருகும் கோர் வைத்துச் செய்தார்கள். கோர் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம், உருகுநிலை 138 டிகிரி. அதைச் சுற்றி 280 டிகிரி நைலானைச் செலுத்துவார்கள். கோர் உருகாது. அந்த உலோகத்துக்கு நான் சொன்ன எண்ணைப் போட்டுப் பார்த்தால் பரப்பு வெப்பநிலை 60 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வரும். அப்புறம் பாகத்தைச் சூடான திரவத் தொட்டியில் போட்டு, இண்டக்ஷன் முறையில் கோரைச் சூடாக்கி உருக்கி வெளியே வழியவிடுவார்கள். அழகான முறை. ஆனால் டன் கணக்கில் உலோகத்தை உருக்கிக் கோர் வார்க்கும் செலவு தாங்காமல், இரண்டு பாதிகளாக மோல்டு செய்து அதிர்வு வெல்டிங்கில் ஒட்டும் முறைக்குப் பெரும்பாலானோர் போய்விட்டார்கள். உலோகக் கோர் வெப்பத்தை வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டதால் பிழைத்தது. ரெசின் கோர் வெப்பத்தை உள்ளே விடாததால் பிழைக்கிறது. இரண்டும் நேர் எதிர் வழி, ஆனால் முடிவு ஒன்று.

வெப்பத்தை உள்ளே விடாத அந்தக் குணம்தான் பிறகு தலைவலியும். ரெசினில் வெப்பம் ஒரு நிமிடத்தில் மூன்று மி.மீ. ஆழம்கூடப் போகாது. அதனால் எஃகு மோல்டில் செய்வதுபோல் உள்ளே தண்ணீர்ச் சேனல் வைப்பது பெரும்பாலும் வீண். சேனல் பரப்பிலிருந்து பத்து மி.மீ. தள்ளி இருந்தால் அது இருப்பதே பாகத்துக்குத் தெரியாது; இரண்டு மி.மீ. தள்ளி வைத்தால் அழுத்தத்தில் சுவர் உடையும். மோல்டைத் திறந்து, கம்ப்ரசர் காற்றைப் பரப்பின் மேலேயே ஊதுவதுதான் வழி. எஃகில் அரை நிமிடத்தில் முடியும் ஷாட் இங்கே பல நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டு அடுத்த ஷாட் போட்டால் பரப்பு 30-லிருந்து அல்ல, 70-லிருந்து ஏற ஆரம்பிக்கும், கணக்கே மாறிவிடும். ஒரு விலை குறைந்த அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துக்கொண்டு, பரப்பு 40-க்குக் கீழே வந்தபிறகு மட்டும் மூடுங்கள். இந்த ஒரு பழக்கம் மோல்டின் ஆயுளை மற்ற எல்லா வித்தைகளையும்விட அதிகமாக நீட்டிக்கும்.

இன்னொரு விளைவு உண்டு, இதை விற்பவர்கள் சொல்வதில்லை. "உண்மையான பிளாஸ்டிக்கில் உண்மையான பாகம்" என்று விளம்பரம் செய்வார்கள். பிளாஸ்டிக் உண்மைதான், ஆனால் அது ஆறிய விதம் வேறு. பாலிபுரோப்பிலீன், நைலான் போன்றவை ஆறும்போது உள்ளே படிகங்கள் வளரும். மெதுவாக ஆறினால் படிகம் அதிகம், படிகம் அதிகமானால் சுருக்கம் அதிகம். 1990களின் நடுவிலேயே 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் டைரக்ட் எய்ம் என்ற பெயரில், லேசரால் இறுக்கிய எபாக்சி மோல்டில் நேரடியாக இன்ஜெக்ஷன் செய்யும் முறையை முன்வைத்தது. அதைத் தொடர்ந்து இங்கிலாந்தின் லாஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சுருக்க வேறுபாட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். படிகம் வளரும் நைலான் 66 இந்த மோல்டில் கூடுதலாகச் சுருங்கியது. படிகம் வளராத ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் அந்தச் சிக்கல் இல்லை. பாலிபுரோப்பிலீன் முதல் கட்சி. பொதுவாக அதன் சுருக்கம் 1 முதல் 2.5 சதவீதம் என்பார்கள். உங்கள் மோல்டில் மேல் எல்லைப் பக்கம் போகும் என்று எதிர்பார்த்து மோல்டைப் பெரிதாக வரையுங்கள். இங்கே கிடைத்த அளவை எடுத்துக்கொண்டு போய் எஃகு மோல்டுக்காரரிடம் இதே சுருக்கத்தைப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிளிப்பின் விறைப்பும் கொஞ்சம் மாறியிருக்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க இந்தப் பாகங்கள் போதும். டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு விலகலாம் என்பதைத் தீர்மானிக்கப் போதாது.

இப்போது வெளி மோல்டு. எல்போவின் வளைவு படுத்திருக்கும் தளத்திலேயே பார்ட்டிங் லைன் (மோல்டின் பாதிகள் சந்திக்கும் கோடு) வரட்டும், இரண்டு பாதி. முழு மோல்டையும் ரெசினில் செய்யாதீர்கள். அலுமினியச் சட்டத்துக்குள் ரெசின் இன்சர்ட்டை உட்காரவைக்க வேண்டும். மோல்டை மூடி அழுத்தும் மெஷினின் கிளாம்ப் விசையைச் சட்டம் வாங்கிக்கொள்ளும், ரெசின் வடிவத்தை மட்டும் கொடுக்கும். இன்சர்ட் சட்டத்தைவிட மயிரளவு உயர்ந்து நின்றால்தான் பார்ட்டிங் லைன் இறுகி மூடும், இல்லையென்றால் இடுக்கில் உருகல் கசிந்து பிளாஷ் வரும். ரொம்ப உயர்ந்தால் கிளாம்ப் விசை முழுதும் ரெசின் மேல் இறங்கி விரிசல் விடும். பட்டறைக்காரருக்கு இது கைப்பழக்கம். அவரிடமே உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

டிராஃப்ட், அதாவது பாகம் சுலபமாக வெளிவரச் சுவருக்குக் கொடுக்கும் சாய்வு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எஃகில் ஒரு டிகிரி போதும் என்ற இடத்தில் இங்கே மூன்று கொடுங்கள். காரணம், பிரிண்டரின் அடுக்குக் கோடுகள். 50 மைக்ரான் படிகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு குட்டி அண்டர்கட் (பாகம் வெளிவருவதைத் தடுக்கும் வடிவம்). பாகம் சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். பிரிண்ட் மோல்டுகள் பெரும்பாலும் அழுத்தத்தில் சாவதில்லை, பாகத்தை வெளியே எடுக்கும்போது இழுபட்டுத்தான் சாகின்றன. அதனால் தேய்க்கும்போது பாகம் வெளிவரும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல்களே பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். கேவிட்டிப் பக்கத்தில் (பாகம் உருவாகும் குழி) பிரிண்டைத் தாங்கும் சப்போர்ட் படாதபடி பிரிண்ட் திசையை வையுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பாகம் ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஸ்ப்ரே. பாகத்தைத் தள்ளி வெளியேற்றும் எஜெக்டர் பின் துளைகளைச் சற்றுச் சிறியதாகப் பிரிண்ட் செய்து, துளையைச் சீராக்கும் ரீமரால் பெரிதாக்குங்கள். பிரிண்டரின் துளை ஒருநாளும் சரியான வட்டமாக இருக்காது. உயரமான மெல்லிய குச்சிபோன்ற பகுதி ஏதாவது இருந்தால் அதை ரெசினில் விடாமல் எஃகுப் பின்னாகச் செருகிவிடுங்கள்.

கேட்டைப் பெரிதாக வையுங்கள், இரண்டு மி.மீ.க்குக் குறையாமல். சிறிய கேட் என்றால் அழுத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், உருகல் பீச்சியடித்து எதிர்ச்சுவரை அரிக்கும். ரெசின் மெதுவாக ஆற்றுவதால் உருகல் நீண்ட நேரம் ஓடும் நிலையிலேயே இருக்கும், அதனால் எஃகு மோல்டுக்கு வேண்டிய வேகமும் அழுத்தமும் இங்கே தேவைப்படாது. ஆரம்பத்தில் வேண்டுமென்றே ஷார்ட் ஷாட் போடுங்கள். பாதி நிரம்பட்டும், அப்புறம் முக்கால், பிறகு முழுதும். எடுத்த எடுப்பில் நிறைய செலுத்தினால் பிளாஷ் பார்ட்டிங் லைன் விளிம்பைப் பெயர்த்துவிடும். ரெசினில் பெயர்ந்த விளிம்பை வெல்டு வைத்துச் சரிசெய்ய முடியாது, வேறு பிரிண்ட்தான்.

பக்கவாட்டுக் கிளிப் ஒரு அண்டர்கட். எஃகு மோல்டில் இதற்குப் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடர் வைப்பார்கள், விலை ஏறுவதில் பெரும்பங்கு அதுதான். 60 உருப்படிக்கு ஸ்லைடர் எதற்கு? கிளிப்பின் உள்வடிவத்தைத் தனித் துண்டாகப் பிரிண்ட் செய்து, மோல்டில் ஒரு பள்ளத்தில் கையாலேயே உட்காரவையுங்கள். ஷாட் முடிந்ததும் அது பாகத்தோடு வெளியே வரும், இழுத்துக் கழற்றி மறுபடி வைக்கலாம். பட்டறைகளில் லூஸ் பீஸ் என்பார்கள். மூன்று நகல் செய்துகொண்டால் ஒன்று ஆறும்போது இன்னொன்று வேலை செய்யும். ஒன்று உடைந்தால் இரண்டு மணி நேரத்தில் வேறு.

இனி உள்வளைவு, உங்கள் பாகத்தின் நிஜமான சிக்கல். வளைவு முழுக்க ஒரே ஆரமாக இருந்து நேர்நீளம் இல்லாமல் இருந்தால் கோரை வில்போல் சுழற்றி வெளியே எடுத்துவிடலாம். உங்களுடையதில் இரண்டு பக்கமும் நேர்நீளம் இருக்கிறது, சுழலாது. அடுத்த வழி, இரண்டு நேரான கோர்கள் இரு பக்கமிருந்தும் வந்து மூலையில் 45 டிகிரியில் சந்திப்பது. எளிது, எஃகுக் கம்பியிலேயே செய்யலாம், உள்ளே மட்டும் வளைவுக்குப் பதில் கூர்மூலை வரும். போவது காற்றுதானே, 12 மி.மீ. குழாயில் அந்த மூலையால் கொஞ்சம் அழுத்த இழப்பு கூடும். அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் தயவுசெய்து இந்த வழியையே எடுங்கள், இதற்குக் கீழே படிக்க வேண்டியது சீல் பகுதி மட்டும்தான். சிக்கலான வடிவம் முடியும் என்பதற்காகச் சிக்கலாக்க வேண்டியதில்லை.

வளைவு வேண்டியே வேண்டும் என்றால் கரைகிற கோர். டென்மார்க்கின் அடிஃபேப் நிறுவனம் இதை முழு மோல்டுக்கே செய்து காட்டியது: காரத்தண்ணீரில் (ஆல்கலிக் கரைசல்) கரையும் ரெசினில் மோல்டைப் பிரிண்ட் செய்வது, சாதாரண இன்ஜெக்ஷன் மெஷினில் வைத்து ஷாட் போடுவது, பிறகு மோல்டோடு பாகத்தைக் காரத்தொட்டியில் போட்டுவிடுவது. பார்ட்டிங் லைன், டிராஃப்ட், எஜெக்டர் எதுவுமே வேண்டாம். பின்னிய வலை, மூடிய சுருள், எதையும் உண்மையான பிளாஸ்டிக்கில் எடுக்கலாம். உங்களுக்கு முழு மோல்டும் கரைய வேண்டியதில்லை, கோர் கரைந்தால் போதும். பாலிபுரோப்பிலீன் காரத்துக்கு அசையாது. இதே வேலையைப் பாலிகார்பனேட்டிலோ பெட் (PET) பிளாஸ்டிக்கிலோ செய்ய நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும், காரம் அவற்றைத் தாக்கும்.

60 கோர் என்றதும் பயப்பட வேண்டாம். திரையொளியில் இறுக்கும் ரெசின் பிரிண்டரில் ஒரு அடுக்குக்கு ஆகும் நேரம், தட்டில் ஒரு பாகம் இருந்தாலும் இருபது இருந்தாலும் ஒன்றுதான். இடம் கொள்ளும் வரை நிரப்புங்கள்.

கரைப்பதில் ஒரு சூட்சுமம். 12 மி.மீ. தடித்த கோர் பாகத்துக்குள் அடைபட்டிருக்கும்போது திரவம் இரண்டு முனை வழியாக மட்டுமே அதைத் தொடும். உள்ளே போகப்போகக் கரைசல் தேங்கி, வேலை ஊர்ந்துதான் நடக்கும். கோரின் நடுவே ஒரு 4 மி.மீ. துளையை முனைக்கு முனை விட்டுப் பிரிண்ட் செய்து, ஷாட் நேரத்தில் அந்தத் துளையில் மென்மையான கம்பியைச் செருகி வைத்திருங்கள். கம்பி அழுத்தத்தைத் தாங்கும். ஷாட்டுக்குப் பிறகு கம்பியை உருவிவிட்டு, மீன்தொட்டிப் பம்பால் திரவத்தைத் துளை வழியே ஓடவிட்டால் கோர் உள்ளிருந்து வெளியே அரிந்துகொண்டு வரும். வளைவு இருப்பதால் விறைப்பான எஃகுக் கம்பி வேண்டாம், வளைந்து வெளியே வரக்கூடிய செம்போ அலுமினியமோ பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் காரம் பட்டால் அமிலத்தைவிட ஆபத்து.

ஃபிலமென்ட் பிரிண்டரில் தண்ணீரில் கரையும் பிவிஏ இருக்கிறதே என்று கேட்பீர்கள். மேலே போட்ட கணக்கு இங்கேயும் பொருந்தும். பரப்பு 130 டிகிரி ஏறும், பிவிஏ அதற்கு முன்பே இளகிவிடும், அழுத்தம் அதை நசுக்கிவிடும். ஏபிஎஸ் 105 டிகிரி அளவில் இளகும், அதுவும் நம்பகமில்லை. ஆனால் அழுத்தமும் சூடும் இல்லாமல் ஊற்றி இறுகவைக்கிற வேலைகளில் இவை இரண்டும் அருமை. 2015-இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் விட்டோரியோ சஜ்ஜோமோவும் ஆல்ட்ரிக் வெல்டர்ஸும் எஸ்கார்கோ என்று பெயரிட்ட முறை இதுதான்: சாதாரண ஃபிலமென்ட் பிரிண்டரில் ஏபிஎஸ்ஸில் சுருளாக ஒரு வடிவம், அதைச் சுற்றி பிடிஎம்எஸ் சிலிக்கான், இறுகியதும் அசிட்டோனில் ஊறவைத்து ஏபிஎஸ்ஸைக் கரைத்து எடுப்பது. பிடிஎம்எஸ் அசிட்டோனில் மிகக் கொஞ்சமே உப்பும், அதனால் சேனல் உருக்குலையாது. சுத்த அறையும் ஒட்டும் வேலையும் இல்லாமல் முப்பரிமாண நுண்சேனல் கிடைத்துவிடுகிறது. அதற்கு மூன்று வருடம் முன்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மில்லரும் உடனிருந்தவர்களும் சர்க்கரைப் பாகில் கம்பிவலை பிரிண்ட் செய்து, செல்கள் நிறைந்த ஜெல்லுக்குள் அதைக் கரைத்து இரத்தக்குழாய்ப் பாதை உண்டாக்கினார்கள். கரைக்கும் திரவம் செல்லைக் கொல்லக்கூடாது என்பது அங்கே நிபந்தனை, சர்க்கரைக்குத் தண்ணீர் போதும். கோர் பொருளை எப்போதும் இப்படித்தான் பின்னாலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்: பாகம் எதைத் தாங்கும், அதில் கரைவது எது. பாலியூரிதேன் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிவிஏ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் யூரிதேனில் நுரை கிளப்பும். நன்றாகக் காயவைத்து, மேலே ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

சீல் வளையத்துக்கு வருவோம். பார்க்க மூன்றில் இதுதான் சுலபமான வேலை, ஆனால் இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ரெசின் பிரிண்டரில் அழகான மோல்டு, பிளாட்டினம் சிலிக்கானை அளந்து கலந்து ஊற்றி, மறுநாள் திறந்தால் நடுப்பகுதி இறுகியிருக்கும், மோல்டைத் தொட்ட பரப்பு முழுக்கப் பிசுபிசு. கலவை விகிதத்தின் மேல் பழி போடுவார்கள், இன்னொரு பாட்டில் வாங்குவார்கள், மறுபடியும் அதேதான். பிளாட்டினம் சிலிக்கானை இறுக்கும் வினையூக்கி மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. கந்தகம், அமீன், வெள்ளீயச் சேர்மம், சில பாஸ்பரஸ் சேர்மங்கள் எது பட்டாலும் அது முடங்கிவிடும். ரெசின் பிரிண்டில் இறுகாமல் எஞ்சிய மோனோமரும், ஒளிபட்டதும் வினையைத் தொடங்கிவைக்கப் போட்டிருக்கும் சேர்மங்களும் பரப்புக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மேலே துடைத்தால் போகாது, உள்ளிருந்து வருகிறது.

தீர்வு பொறுமையான சுத்தம். புதிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவி, முழுக்க உலர்த்தி, எல்லாப் பக்கமும் யுவி காட்டி, பிறகு ரெசின் தாங்கும் சூட்டில், ஹை டெம்ப் ரெசின் என்றால் 100 டிகிரிக்கு மேலேயே, பல மணி நேரம் சூட்டடுப்பில் வைக்க வேண்டும். அதன் மேல் மெல்லிய அக்ரிலிக் லாக்கர் ஒரு கோட். இதற்கெல்லாம் பிறகும் முழு மோல்டையும் நிரப்பும் முன் ஓரத்தில் ஒரு துளி சிலிக்கான் வைத்துப் பாருங்கள். மோல்டைத் தொடும் பக்கம் பிசுக்கில்லாமல் உரிந்து வந்தால் நிரப்பலாம். டின் சிலிக்கான் இந்த நோய்க்கு ஆட்படாது, ஆனால் அது இறுகும்போது ஆல்கஹால் வெளியேறிச் சுருங்கும். சீல் அளவுக்கு அது ஒத்துவராது.

என் யோசனை, சீல் மோல்டுக்கு ரெசினையே தொடாதீர்கள். ஃபிலமென்ட் பிரிண்டர் இருக்கிறதே, பிஎல்ஏ இழையில் செய்யுங்கள். பொதுவாக அதில் இந்தத் தடை வராது. அடுக்குக் கோடு சீலில் பதிந்து அது வழியாகக் காற்று கசியும் என்பதுதான் குறை. அதற்கு மோல்டை ஏபிஎஸ்ஸில் செய்து அசிட்டோன் ஆவியில் கொஞ்ச நேரம் காட்டினால் பரப்பு வழவழப்பாகிவிடும். பார்ட்டிங் லைன் சீலின் உதட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்த சிலிக்கானை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுக்கும்போது அது பல மடங்கு பொங்கும், பாத்திரம் பெரிதாக இருக்கட்டும்.

ஒரு மோல்டு ஒரு பாகம் என்பது ஆய்வகக் கூத்து என்று நினைத்துவிட வேண்டாம். காதுகேட்கும் கருவிக்கான மென்மையான காது அச்சுகளை இப்படித்தான் செய்கிறார்கள்: காதின் வடிவத்தை ஸ்கேன் செய்து, முட்டை ஓடு போல் மெல்லிய மோல்டு பிரிண்ட் செய்து, உள்ளே சிலிக்கானை அடைத்து, இறுகியதும் ஓட்டை உடைத்து உரித்துவிடுவது. பல் வரிசையைச் சரிசெய்யும் கண்ணுக்குத் தெரியாத அலைனர்களும் அதே கதை. 1997-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி ஒவ்வொரு நோயாளிக்கும், சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பல் மாதிரியைத் தனித்தனியாகப் பிரிண்ட் செய்து, சூடான பிளாஸ்டிக் ஷீட்டை அதன்மேல் இழுத்துப் படியவைக்கிறது. மாதிரியின் வேலை அத்தோடு சரி. உலகில் 3டி பிரிண்டரை மிக அதிகம் பயன்படுத்தும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று, ஆனால் வாயில் போய் உட்காரும் அலைனர் பிரிண்ட் செய்த பொருள் அல்ல.

உலோகத்தில் பிரிண்ட் செய்த மோல்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாரேஜிங் எஃகுப் பவுடரை லேசரில் உருக்கிச் செய்கிற இன்சர்ட்டில் தண்ணீர்ச் சேனலைப் பாகத்தின் வளைவோடு ஒட்டியே வளைத்துக் கொண்டுபோகலாம். துரப்பணத்தால் நேர்த்துளை மட்டுமே போடமுடியும் என்ற கட்டு அங்கே இல்லை. லட்சக்கணக்கில் ஷாட் போடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றிலும் சில நொடி மிச்சமாவது பெரிய பணம். உங்கள் 60-க்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் சீல், ஏனென்றால் அதற்கு மெஷின் வேண்டாம், பட்டறை நேரம் வேண்டாம். அது முடிவதற்குள் வெளி மோல்டின் இரண்டு பாதியையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு உபரியோடு, பிரிண்ட் செய்து சூட்டடுப்பில் இறுக்கி வையுங்கள். 60 ஷாட்டையும் ஒரே ஜோடி தாங்கினால் நல்லது. பாலிபுரோப்பிலீனுக்கு அது நடக்கக்கூடியதுதான், கண்ணாடி கலந்த நைலானாக இருந்தால் பத்தைத் தாண்டுமா என்றே சந்தேகப்பட்டிருப்பேன். கோரில் முதலில் ஆறு மட்டும் செய்யுங்கள். ஆறு ஷாட்டையும் போட்டு, கரைப்பதற்கு முன்பே இரண்டு பாகத்தை ரம்பத்தால் நெடுக வெட்டி, வளைவின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் சுவர்த் தடிமனை அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 2.4, மறுபக்கம் 1.6 என்று வந்தால் உருகலின் வேகம் கோரைத் தள்ளியிருக்கிறது. கேட்டை வளைவின் முதுகிலிருந்து எடுத்து, கோர் சட்டத்தில் பிடிபட்டிருக்கும் முனைக்குப் பக்கத்தில் வையுங்கள், வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தடிமன் சமமான பிறகு மீதி 54 கோரைப் பிரிண்டருக்கு அனுப்பலாம்.